முதல் வெல்டிங் இயந்திரம்: பெட்டியின் எண்ணும் வீட்டின் இணைப்பும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

முன்னுரை

பிரிப்பது எளிது, சேர்ப்பது அரிது. மனித உறவுக்குச் சொல்லும் இம்மொழி இரும்புக்கும் பொருந்தும். ஓர் இரும்புத் தண்டை அறுக்க ஒரு வாள் போதும். அறுந்த இரண்டையும் மீண்டும் ஒன்றாக்குவதற்கோ மனிதன் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் உலைக்களத்தில் வியர்வை சிந்த வேண்டியிருந்தது. ஏறத்தாழ 1,600 ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்டு, இன்று தில்லி மெஹ்ரோலியில் நிற்கும் இரும்புத் தூண், பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கட்டிகளைச் சம்மட்டியால் அடித்து அடித்து ஒன்றாக்கியதே. நம் ஊர்க் கொல்லர்கள் வண்டிப் பட்டையின் இரு முனைகளையும் சேர்த்த முறையும் அதுவே.

மின்சாரம் வந்தது, உலைக்களத்தின் வேலையை ஒரு கம்பி முனை செய்யத் தொடங்கியது. 1880-களில் ரஷ்யப் பேரரசைச் சேர்ந்த நிகோலாய் பெனார்டோஸ், கரித்தண்டுக்கும் உலோகத்துக்கும் இடையே மின்வில்லை உண்டாக்கி உலோகத்தை உருக்கி இணைத்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்வீடன் நாட்டின் ஆஸ்கார் ஷெல்பெர்க் உலோகத் தண்டின்மேல் பூச்சுப் பூசி இன்றைய வெல்டிங் ராடுக்கு வழிவகுத்தார்.

அன்று தொழிற்சாலைக்குள் மட்டும் இருந்த இக்கருவி, இன்று தோளில் மாட்டிச் செல்லும் சிறு பெட்டியாகிவிட்டது. கதவுக் கீல், கலப்பைக் கொழு, மிதிவண்டித் தாங்கி, புத்தக அடுக்கு, நம் ஆய்வகத்தின் உடைந்த இரும்புத் தாங்கி என எதையும் நாமே சரிசெய்யலாம் என்ற ஆசை பலருக்கும் பிறந்திருக்கிறது. ஆனால் கடைக்குச் சென்றதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை ஆம்பியர்?" என்பதே. அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் கருத்து. எதை ஒட்டப் போகிறோம் என்பது முதல் கேள்வி. நம் மின் இணைப்பு எவ்வளவு தாங்கும் என்பது இரண்டாவது. இவ்விரண்டுக்கும் விடை தெரிந்தால் ஆம்பியர் தானே தெரிந்துவிடும்.

மின்வில் என்னும் குட்டிச் சூரியன்

முதற்கண் இயந்திரத்தின் வேலை என்ன என்று காண்போம். நம் வீட்டுக்கு வரும் மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட். மின்வில்லுக்கு வேண்டியது குறைந்த அழுத்தமும் மிகுந்த ஓட்டமும். ராடு இரும்பைத் தொடாதபோது இயந்திரத்தின் முனைகளில் ஏறத்தாழ 60 முதல் 80 வோல்ட் இருக்கும். ராடைத் தீக்குச்சி போல உரசிச் சற்றே தூக்கினால் இடைவெளியில் உள்ள காற்று அயனியாகி மின்வில் பிறக்கும். உடனே அழுத்தம் 20 முதல் 25 வோல்ட்டாகத் தாழும்; ஓட்டம் 80, 100, 120 ஆம்பியர் என உயரும்.

இரும்பு 1,538 டிகிரி செல்சியஸில் உருகும். மின்வில்லின் வெப்பமோ 5,000 டிகிரியையும் தாண்டும். எனவே ராடின் நுனியும் இரும்பின் விளிம்பும் ஒருசேர உருகிக் குளமாகின்றன. ராடின் மேற்பூச்சு எரிந்து வாயுவாகி, காற்றிலுள்ள ஆக்சிஜனும் நைட்ரஜனும் அந்தக் குளத்தை அணுகாமல் காக்கிறது. எஞ்சிய பூச்சு கசடாகிக் காய்ச்சிய பாலின் மேல் ஆடை போல் படர்ந்து, உலோகம் மெல்ல ஆற உதவுகிறது. ஆறியபின் கசடைத் தட்டி நீக்கினால் உள்ளே மினுமினுக்கும் இணைப்பைக் காணலாம்.

எதை ஒட்டப் போகிறோம்?

வீட்டிலும் சிறு பழுது வேலையிலும் வருவன பெரும்பாலும் மூன்று வகை. முதலாவது, கிரில், பெஞ்சு, கொசுவலைச் சட்டம் ஆகியவற்றில் வரும் ஒன்றரை மில்லிமீட்டர் அளவான சதுரக் குழாய். இரண்டாவது, 3 மி.மீ. ஆங்கிளும் பட்டையும். மூன்றாவது, உழவுக் கருவி, வண்டிச் சட்டம் போன்ற 5, 6 மி.மீ. கனமுள்ளவை.

ராடுகளை மி.மீ. அளவில் அச்சிட்டாலும் பட்டறைகளில் கேஜ் எண்ணில்தான் கேட்பார்கள். 2.5 மி.மீ. என்பது 12 நம்பர் ராடு, 3.15 மி.மீ. என்பது 10 நம்பர், 4 மி.மீ. என்பது 8 நம்பர். ராடின் விட்டத்தில் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 30 முதல் 40 ஆம்பியர் வேண்டும் என்பது நினைவில் வைக்க எளிய வாய்பாடு. அதன்படி 12 நம்பருக்கு 75 முதல் 100 வரை. 10 நம்பருக்கு ஏறத்தாழ 95 முதல் 125 வரை. 8 நம்பருக்கு 120 முதல் 160 வரை. மெல்லிய குழாய்க்கு 2 மி.மீ. ராடும் 50, 60 ஆம்பியரும் போதும். அதற்குமேல் போனால் குழாய் ஓட்டையாகும்.

ஆக, முதலில் சொன்ன இரண்டு வகைகளுக்கும் 100 ஆம்பியரைத் தாண்ட வேண்டியதே இல்லை. மூன்றாவது வகைக்கும் 10 நம்பர் ராடால் இரண்டு மூன்று ஓட்டம் போட்டால் போதும். 8 நம்பர் ராடு நாள் முழுதும் எரியும் இடம் பெரிய பட்டறை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். உடைந்த பம்பு உறை பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அதைச் சாதாரண ராடால் ஒட்டினால் ஆறும்போதே பக்கத்தில் விரிசல் விடும். அதற்கு நிக்கல் ராடும், பழகிய கையும் வேண்டும். அலுமினியப் பாத்திரத்தை இந்த எளிய இயந்திரத்தால் ஒட்ட நினைப்பது வீண்.

இணைப்பு என்ன தாங்கும்?

நம் வகுப்பறைப் பாடம் இங்கேதான் காசாகிறது. ராடு வெல்டிங் இயந்திரங்களை மதிப்பிடும் பன்னாட்டுத் தரமுறையில், வெளியீட்டு அழுத்தம் 20 வோல்ட்டுடன் ஓட்டத்தின் 0.04 மடங்கைக் கூட்டியது என்று கொள்கிறார்கள். இயந்திரத்தின் பயனுறுதிறன் 80 விழுக்காடு என்றும், சாதாரண ஒருமுனை இன்வெர்ட்டரின் திறன் காரணி 0.7 என்றும் வைத்துக்கொண்டு கணக்கிடுவோம்.

12 நம்பர் ராடு, 80 ஆம்பியர்: மின்வில்லில் 23.2 வோல்ட், திறன் 1.86 கிலோவாட். சுவரிலிருந்து இழுப்பது 2.3 கிலோவாட், ஓட்டம் ஏறத்தாழ 14 ஆம்பியர்.

10 நம்பர் ராடு, 110 ஆம்பியர்: 24.4 வோல்ட், 2.68 கிலோவாட். சுவரிலிருந்து 3.4 கிலோவாட், ஓட்டம் ஏறத்தாழ 21 ஆம்பியர்.

8 நம்பர் ராடு, 160 ஆம்பியர்: 26.4 வோல்ட், 4.22 கிலோவாட். சுவரிலிருந்து 5.3 கிலோவாட்; ஓட்டம் ஏறத்தாழ 33 ஆம்பியர்.

வீட்டில் உள்ள பெரிய பிளக் 16 ஆம்பியருக்கானது. முதல் வரி அதற்குள் அடங்குகிறது. இரண்டாவது வரி தாண்டுகிறது. மூன்றாவது வரி இரு மடங்காகிறது! பெட்டியில் 200 என்றோ 250 என்றோ எழுதியிருந்தாலும், 16 ஆம்பியர் பிளக்கில் செருகியவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 80, 90 ஆம்பியர் வேலைதான். அதற்குமேல் திருகினால் பாதுகாப்பு சுவிட்சு விழும். அது இல்லாத பழைய வீடுகளில் பிளக் உருகும். சுவருக்குள் கம்பி சூடேறும்.

கிராமங்களில் மாலை நேர அழுத்தம் 190 வோல்ட்டுக்கு இறங்குவதை நாம் அறிவோம். இன்வெர்ட்டர் தன் வெளியீட்டைக் குறைக்காமல் உள்ளீட்டு ஓட்டத்தைக் கூட்டிக்கொள்ளும். மேற்சொன்ன 21 ஆம்பியர் அப்போது 25 ஆம்பியராகும்.

நீட்டிப்பு ஒயரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 1.5 சதுர மி.மீ. செப்புக் கம்பியின் மின்தடை கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 12 ஓம். இருபது மீட்டர் ஒயரில் மின்சாரம் போகவும் வரவும் 40 மீட்டர், தடை 0.48 ஓம். 20 ஆம்பியர் ஓடினால் 9.6 வோல்ட் வழியிலேயே இழக்கப்படும். 190 வாட்டுக்கு மேல் வெப்பமாகும். ஒயரைச் சுருட்டி வைத்தபடியே வேலை செய்தால் அவ்வெப்பம் வெளியேற வழியின்றி மேலுறை உருகும். 4 சதுர மி.மீ. கம்பியானால் இழப்பு 4 வோல்ட்டுக்குள் அடங்கும்.

எனவே இயந்திரம் வாங்குமுன், மின் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட சுமை எத்தனை கிலோவாட் என்று பாருங்கள். உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு தனிக் கம்பி, தனி பாதுகாப்பு சுவிட்சு, நல்ல நில இணைப்பு ஆகியவற்றை அமையுங்கள். கூலிக்குப் பழுது பார்ப்பதானால் வீட்டு இணைப்பில் செய்யக் கூடாது. அதற்குரிய இணைப்புப் பெற வேண்டும். விவசாயத்திற்கென அளிக்கப்படும் இலவச மின்சாரத்தில் வெல்டிங் செய்வதும் விதிக்குப் புறம்பானது.

பழைய பெட்டியும் புதிய பெட்டியும்

பட்டறைகளில் சக்கரம் வைத்து இழுத்துச் செல்லும் கனத்த பெட்டி மின்மாற்றி வகை. இரும்பு உள்ளகமும் செப்பு அல்லது அலுமினியச் சுற்றுகளுமே அதன் உடல். பெரும்பாலானவை 415 வோல்ட்டில், இரு முனைகளுக்கிடையே இணைப்பவை. தூசிக்கும் மழைச்சாரலுக்கும் எளிதில் அஞ்சாது; சுற்று எரிந்தால் மோட்டார் காயில் கட்டுபவரே கட்டிக் கொடுப்பார். குறை என்னவெனில் எடை மிகுதி, திறன் காரணி குறைவு. மேலும் மாறுதிசை மின்னோட்டம் நொடிக்கு 100 முறை சுழியைத் தொடுவதால், அத்தனை முறையும் வில் அணைந்து எழ வேண்டும். புதிதாகப் பழகும் கைக்கு இது தொல்லை.

இன்வெர்ட்டர் பெட்டி ஏன் இவ்வளவு சிறியது? மின்மாற்றிச் சமன்பாட்டை நினைவுகூருங்கள். குறிப்பிட்ட மின்னழுத்தத்தைப் பெற அதிர்வெண், சுற்றுகளின் எண்ணிக்கை, உள்ளகத்தின் பரப்பு, காந்தப்பாய அடர்த்தி ஆகிய நான்கின் பெருக்கல் வேண்டும். அதிர்வெண் உயர்ந்தால் பரப்பும் சுற்றும் குறையலாம். இன்வெர்ட்டர், வரும் மின்சாரத்தை முதலில் ஏறத்தாழ 325 வோல்ட் நேர்த்திசை மின்னோட்டமாக்குகிறது. பின் ஐ.ஜி.பி.டி. என்னும் குறைகடத்திச் சுவிட்சுகளால் நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டுகிறது. 50 அதிர்வுக்கு இரும்பு மலை வேண்டிய இடத்தில் கைக்கு அடங்கும் ஃபெரைட் உள்ளகம் போதுமானதாகிவிடுகிறது. பிறகு மீண்டும் நேர்த்திசை மின்னோட்டமாக்கி வெளிவிடுகிறது. வில் சீராக எரிகிறது. ராடு ஒட்டிக்கொண்டால் ஓட்டத்தைத் தானே குறைக்கும் வசதியும் பலவற்றில் உண்டு.

ஆனால் இது மென்மையான உடம்பு. விசிறி வழியே கிரைண்டரின் இரும்புத் தூள் புகுந்தால் அட்டையில் மின்சாரம் குறுக்கே பாயும். பல்லியும் எறும்பும் கூட எதிரிகள். வேலை முடிந்ததும் மூடி வைப்பதும், அரைக்கும் இடத்திலிருந்து தள்ளி வைப்பதும் கட்டாயம்.

கம்பிச் சுருளும் கார்பன்-டை-ஆக்சைடு உருளையும் கொண்ட மிக் வகை, மெல்லிய தகட்டுக்கு மிக நல்லது. ஆனால் வெட்டவெளியில் காற்று வீசினால் காப்பு வாயு கலைந்துவிடும். ஆர்கான் வாயு வேண்டும் டிக் வகை நுட்பமானது, மெதுவானது. துருவும் தூசியும் நிறைந்த பழுது வேலைக்கும், திறந்த முற்றத்துக்கும், முதல் பயிற்சிக்கும் ராடு வகை இன்வெர்ட்டரே ஏற்றது என்பேன்.

சிறிய எண் பெரிதாவது எப்படி?

இயந்திரத்தின் பின்புறத் தகட்டில் ஒரு விழுக்காடு பொறித்திருக்கும். அதுவே பணிச்சுழற்சி. 30 விழுக்காடு என்றால், பத்து நிமிடத்தில் மூன்று நிமிடம் எரிக்கலாம். ஏழு நிமிடம் ஆற விட வேண்டும். தரமுறைப்படி இதனை 40 டிகிரி வெப்பத்தில் சோதிக்க வேண்டும். குளிர்ந்த அறையில் சோதித்துப் பெரிய எண்ணைப் போட்டுக்கொள்ளும் பெட்டிகளும் சந்தையில் உண்டு. நம் ஊரின் சித்திரை வெயிலில் அந்த எண் நிற்காது.

வெப்பம் ஓட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் வளரும் என்பது ஜூல் விதி. அதைக் கொண்டு, இடைவிடாது தரக்கூடிய ஓட்டத்தை ஏறத்தாழக் கணக்கிடலாம். பணிச்சுழற்சியின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் போதும். 200 ஆம்பியர், 30 விழுக்காடு எனப் பொறித்த இயந்திரம் இடைவிடாது தருவது 110 ஆம்பியர். 160 ஆம்பியர், 60 விழுக்காடு எனப் பொறித்தது தருவதோ 124 ஆம்பியர்! சிறிய எண் பெரிய எண்ணை வென்றுவிட்டதன்றோ?

இக்கணக்கை நான் தேர்வுக்காகப் போடவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரியில் கால் வைத்த முதல் ஆள் நான். என் அண்ணன் பத்தாம் வகுப்போடு நின்று பக்கத்து ஊர் வெல்டிங் பட்டறையில் சேர்ந்தவர். என் பேருந்துக் காசும் புத்தகமும் அவர் கூலியிலிருந்து வருபவை. இவ்வாண்டு சொந்தமாக ஓர் இயந்திரம் வாங்க முடிவு செய்தோம். மகளிர் சுய உதவிக் குழுவில் அம்மாவின் பெயரில் கடன். இயந்திரம் எரிந்து போனாலும் தவணை எரிந்து போகாது. அம்மா மாதந்தோறும் குழுக் கூட்டத்தில் எண்ணி வைத்தாக வேண்டும்.

விலை குறைந்த 200 ஆம்பியர் பெட்டி ஒன்றும், அதைவிடச் சற்று விலை கூடிய 160 ஆம்பியர் பெட்டி ஒன்றும் பார்த்து வைத்திருந்தோம். மேற்கண்ட கணக்கை நோட்டுப் புத்தகத்தில் போட்டு அண்ணனிடம் காட்டினேன். அவர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, நீ கணக்குல சொல்றத நான் கையில பாத்திருக்கேன். மத்தியானம் ஆனா பட்டறைல செட்டு மயங்கிப் போகும், ராடு ஒட்டிக்கும். ஏன்னுதான் தெரியாம இருந்துச்சு" என்றார். மின்வில்லின் ஓசையை வைத்தே ஓட்டம் கூடுதலா குறைவா என்று சொல்லக்கூடியவர் அவர். அப்பளம் பொரிவது போன்ற சீரான ஓசை வந்தால் சரி என்பார். வர்க்கமூலம் அவருக்கு நான் சொன்னது. ஓசை எனக்கு அவர் சொன்னது. இரண்டும் சேர்ந்தே 160-ஐத் தேர்ந்தெடுத்தோம். அதற்கு முன்பாகத் தொழில் இணைப்புக்கும் கம்பிக்கும் பணம் ஒதுக்கினோம்.

கடையில் பார்க்க வேண்டியவை

ஒன்று: பெட்டியின் முகப்பில் உள்ள எண் பெரும்பாலும் மாடலின் பெயர். உண்மையான ஆம்பியர் தகட்டில் உள்ளது. தகடே இல்லாத பெட்டியை வாங்க வேண்டாம்.

இரண்டு: உள்ளீட்டு அழுத்தம் எத்தனை வோல்ட் வரை தாழலாம் என்று கேளுங்கள்.

மூன்று: உடன் வரும் ஹோல்டர் ஒயரும் எர்த் கிளாம்ப்பும் கனமாக உள்ளனவா என்று பாருங்கள். 16 சதுர மி.மீ.க்குக் குறைந்த ஒயர் சூடேறும். தளர்ந்த கிளாம்ப் நல்ல இயந்திரத்தையும் கெட்டதாகக் காட்டும்.

நான்கு: அட்டை பழுதானால் எங்கே, எத்தனை நாளில் சரிசெய்வார்கள்? பக்கத்து நகரில் பழுது பார்ப்பவர் உள்ள சாதாரணப் பெட்டி, தொலைவிலுள்ள சிறந்த பெட்டியை விட மேல்.

ஐந்து: கடையிலேயே 10 நம்பர் ராடு ஐந்தாறு தொடர்ந்து எரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆறு: முழுப் பணத்தையும் பெட்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். முகமூடி, தோல் கையுறை, கசடு தட்டும் சுத்தி, கம்பித் தூரிகை, கிரைண்டர், இ 6013 வகை ராடு ஆகியவற்றுக்கும் பங்கு வேண்டும். ராடை ஈரம் படாமல் வைத்திருங்கள். நமத்துப்போன ராடு இணைப்பில் துளைகளை உண்டாக்கும்.

கண்ணும் கையும்

மின்வில்லின் புற ஊதாக் கதிர் கண்ணைத் தாக்கினால் அப்போதே வலிக்காது. பல மணி நேரம் கழித்து, நள்ளிரவில், மணல் கொட்டியது போல் உறுத்தும். 10 அல்லது 11 எண் கறுப்புக் கண்ணாடி உள்ள முகமூடியின்றி ஒரு புள்ளி கூட வைக்கலாகாது. வேடிக்கை பார்க்கும் சிறுவர்களைத் தள்ளி நிறுத்துங்கள். கண் உறுத்தினால் கைவைத்தியம் வேண்டாம், மருத்துவரிடம் செல்லுங்கள்.

70 வோல்ட் தானே என்று எண்ண வேண்டாம். வியர்த்த உடலும் ஈரத் தரையும் சேர்ந்தால் அதுவே ஆளைக் கொல்லும். பாலியெஸ்டர் சட்டை பொறி பட்டு உருகித் தோலில் ஒட்டும், பருத்தியே அணியுங்கள். ஜி.ஐ. குழாயின் துத்தநாகப் பூச்சை அரைத்து நீக்காமல் ஒட்டினால், அந்த வெள்ளைப் புகை குளிர் காய்ச்சலைத் தரும். பெட்ரோல் டாங்கையும் மூடிய டிரம்மையும் காலி என நம்பி ஒட்டாதீர்கள். உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும்.

பழகும் காலத்தில் ஏணி, ஊஞ்சல், டிராக்டர் டிரெய்லரின் கொக்கி போன்றவற்றைத் தொட வேண்டாம். அவை விட்டுப் போனால் உயிர் போகும். முதல் நூறு ராடுகள் பழைய இரும்பில் எரியட்டும். முறையாகக் கற்க விரும்புவோருக்கு ஐ.டி.ஐ.-களில் ஓராண்டு வெல்டர் பயிற்சி உண்டு. திருச்சிராப்பள்ளி பெல் நிறுவனத்தில் 1975-இல் தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இத்துறையில் நம் மாநிலத்துக்குப் பெருமை சேர்ப்பது.

முடிவுரை

நண்பர்களே! விரலுக்கேற்ற வீக்கம் என்பார்கள். வெல்டிங் இயந்திரத்துக்கு விரல் என்பது நம் வீட்டுக்கு வரும் மின் இணைப்பே. ஒட்டப்போகும் பொருளின் கனம் ராடைச் சொல்லும். ராடு ஆம்பியரைச் சொல்லும். ஆம்பியர் கம்பியின் பருமனைச் சொல்லும். இவ்வரிசையில் சென்றால் விற்பவரின் பேச்சுக்கு நாம் காத்திருக்க வேண்டியதில்லை. பெரும்பாலான வீடுகளுக்கும் சிறு பழுது வேலைகளுக்கும், 40 டிகிரியில் 60 விழுக்காடு பணிச்சுழற்சியுடன் 160 ஆம்பியர் தரும் ராடு இன்வெர்ட்டரும், அதைத் தாங்கும் தனிக் கம்பியும் போதும்.

ஓமின் விதியையும் ஜூலின் விதியையும் நாம் மதிப்பெண்ணுக்காகப் படிக்கிறோம். பல வீடுகளில் ஒரு தாயின் கடன் தவணை அந்த இரண்டு விதிகளை நம்பியே நிற்கிறது. நாம் கற்றதை வீட்டில் உள்ளவர்களிடம் அவர்கள் மொழியில் எடுத்துச் சொல்வோம். அவர்கள் கையால் கற்றதை நாமும் கேட்டு அறிவோம்.